பென்ஸை விட்டு லெக்சஸ் வாங்கியவர்கள்

பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் விற்கிற நமக்கு, அமெரிக்காவில் 35,000 டாலருக்கு விற்ற ஒரு காரைப் பற்றி என்ன கவலை என்று அன்பர்கள் கேட்கலாம். கவலை இருக்கிறது. பெயர் பெற்ற கம்பெனியின் பொட்டலம் ஒரு விலை, அதே தரத்தில் பெயர் தெரியாத பொட்டலம் அதைவிடக் குறைந்த விலை என்று இரண்டும் நம் கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, வாடிக்கையாளரின் கை எந்தப் பக்கம் போகிறது என்பதை நாம் தினமும் பார்க்கிறோம். பெரும்பாலும் பெயர் இருக்கும் பக்கம்தான் போகிறது. எப்போதாவது மறுபக்கம் போகிறது. ஏன் போகிறது என்பதற்கு 1989-ஆம் ஆண்டில் நடந்த லெக்சஸ் கார் வியாபாரத்தைப் போல நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அந்நாளில் அமெரிக்காவில் பெரிய சொகுசுக் கார் என்றால் வெளிநாட்டுச் சரக்கில் இரண்டே பெயர்கள்தான் முன்னால் நின்றன: மெர்சிடிஸ் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. இரண்டும் ஜெர்மனி. ஜப்பான் கார் என்றால் சிறியது, பெட்ரோல் குறைவாகக் குடிப்பது, அடிக்கடி பழுதாகாதது என்ற நல்ல பெயர் உண்டு. ஆனால் கௌரவம் கிடையாது.

ஜப்பானியர் ஏன் பெரிய காருக்கு வந்தார்கள் என்பதற்குப் பின்னால் சுத்தமான வியாபாரக் கணக்கு ஒன்று உண்டு. 1981 முதல் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு இத்தனை கார்தான் அனுப்புவோம் என்று ஜப்பான் ஒரு வரம்பை ஏற்றுக்கொண்டிருந்தது. எண்ணிக்கை கட்டுப்பட்டுவிட்டால், ஒவ்வொரு காரிலும் கிடைக்கும் லாபத்தைத்தான் கூட்ட வேண்டும். லாரியில் இடம் குறைவு என்றால் நாம் தவிட்டு மூட்டையை ஏற்றுவோமா, ஏலக்காய்ப் பெட்டியை ஏற்றுவோமா? 1985-க்குப் பிறகு ஜப்பானின் யென் நாணயம் டாலருக்கு எதிராக விறுவிறுவென்று ஏறியதால், மலிவுக் காரில் இருந்த லாபமும் கரைந்தது. ஹோண்டா கம்பெனி 1986-லேயே அக்யூரா என்ற புதுப் பெயரில் விலை கூடிய காரைக் கொண்டுவந்து வழி காட்டியது.

டொயோட்டாவில் இதற்கான பேச்சு 1983-லேயே தொடங்கிவிட்டது. உலகின் மிகச் சிறந்த காரோடு போட்டி போடக்கூடிய ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று கம்பெனித் தலைவர் ஐஜி டொயோடா தம் உயர் அலுவலர்களைக் கேட்டார். முடியும் என்றார்கள். வேலை இச்சிரோ சுசுகி என்ற தலைமைப் பொறியாளரிடம் போனது. 1985-இல் ஒரு குழுவைக் கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் தங்க வைத்து, பணக்கார அமெரிக்கர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைப் பார்த்துக் கார் வாங்குகிறார்கள் என்று கவனிக்கச் செய்தார்கள். முடிவான வடிவத்துக்கு முன்னால் சுமார் 450 மாதிரிக் கார்கள் செய்து பார்த்ததாகக் கணக்கு. மொத்தச் செலவு 100 கோடி டாலருக்கு மேல்.

சுசுகி வைத்த நிபந்தனைகள் ஒன்றோடொன்று மோதக் கூடியவை. வேகமாகவும் போக வேண்டும், பெட்ரோலும் குறைவாகக் குடிக்க வேண்டும். சத்தமும் வரக் கூடாது, எடையும் கூடக் கூடாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது உள்ளே கேட்கும் ஓசை லெக்சஸ் எல்.எஸ். 400 காரில் 58 டெசிபல். அதோடு போட்டியிட்ட பி.எம்.டபிள்யூ. 735ஐ காரில் 61, பென்ஸ் 420 காரில் 63. அதிகப் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்கு அமெரிக்க அரசு தனி வரி போட்டிருந்தது; ஒரு காலனுக்கு 22.5 மைலாவது ஓடாத கார் அந்த வரியைக் கட்ட வேண்டும். லெக்சஸ் அந்த வரிக்குத் தப்பியது.

1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் காரைக் காட்டினார்கள். செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. ஆரம்ப விலை 35,000 டாலர். ஒப்பிட்டுப் பேசப்பட்ட இரண்டு ஜெர்மன் கார்களின் விலையும் 50,000 டாலருக்கு மேல்.

வாங்குபவரின் கணக்கு

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். விலை குறைவு என்பதால் மட்டும் பென்ஸ்காரர் லெக்சஸ் வாங்கிவிடமாட்டார். அவரிடம் பணம் இருக்கிறது. அவர் மனத்தில் ஓடுவது வேறு கேள்விகள்: நடுரோட்டில் நின்றுவிடுமா? பழுதானால் யார் பார்ப்பார்கள்? நாளை விற்கப் போனால் யார் வாங்குவார்கள்? கிளப்பில் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? பெயர் பெற்ற சரக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்த நான்கு பயத்துக்கும் கட்டுகிற இன்சூரன்ஸ் பிரீமியம் என்றே நாம் சொல்லுவோம்.

அந்தப் பிரீமியம் எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். ஒரு கார் 60, இன்னொன்று 35 என்று வைத்துக்கொள்வோம். லட்சமோ ஆயிரம் டாலரோ, எதுவாகவும் இருக்கட்டும். ஐந்து ஆண்டில் இரண்டும் பாதி விலைக்கு வந்துவிட்டால், முதல் காரில் நஷ்டம் 30, இரண்டாவதில் பதினேழரை. பெயரில்லாத கார் என்பதால் பாதிக்கும் கீழே, நூற்றுக்கு நாற்பதுதான் தேறும் என்றாலும், நஷ்டம் 21 தான். இதோடு, முதலில் மிச்சமான 25 ஐந்து ஆண்டு கையில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை முதல் புரளுகிற தொழிலில் இருக்கும் நமக்கு அந்த 25 என்ன செய்யும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் உறுப்பினர்களில் யாரேனும் பெரிய கார் வாங்க எண்ணினால், ஷோரூமுக்குப் போகும் முன் இந்தக் கணக்கைத் தங்கள் எண்களில் போட்டுப் பார்ப்பது நல்லது. ரிப்பேர்ச் செலவு இரண்டு காருக்கும் வெவ்வேறாக இருக்கும், அதையும் சேர்த்து.

ஆக, கணக்கு புதியவனுக்குச் சாதகம். பயம் பழையவனுக்குச் சாதகம். பயத்தை உடைக்க லெக்சஸ் என்ன செய்தது என்பதுதான் கதையின் சாரம்.

முதலாவதாக, டொயோட்டா என்ற பெயரைக் காரில் போடவில்லை. அமெரிக்கரின் காதில் டொயோட்டா என்றால் கரோலா. தனிப் பெயர், தனி ஷோரூம். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானுக்குள் இதே கார் டொயோட்டா செல்சியர் என்ற பெயரில்தான் விற்றது. 2005 வரை லெக்சஸ் என்ற பெயரே ஜப்பானில் கிடையாது. 1955 முதல் டொயோட்டா கிரவுன் காரைப் பார்த்து வந்த ஜப்பானியருக்கு, டொயோட்டாவில் பெரிய கார் என்பது புதுச் செய்தி அல்லவே!

இரண்டாவது, விளம்பரம். காரின் முன்மூடியில் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, உருளைகளின் மேல் சக்கரங்களை வேகமாகச் சுழலவிட்டுக் காட்டினார்கள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சரக்கின் குணம் கண்ணுக்குத் தெரிந்தது. அதே 1989 நவம்பரில் நிசான் கம்பெனியும் இன்ஃபினிட்டி என்று ஒரு சொகுசுக் காரை இறக்கியது. நல்ல கார்தான். ஆனால் அவர்கள் விளம்பரத்தில் பாறையும் மரமும் தண்ணீரும் வந்தன, கார் வரவில்லை. மூட்டையைப் பிரித்துக் காட்டாமல் அரிசி விற்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். இன்ஃபினிட்டி லெக்சஸுக்குப் பின்னாலேயே நின்றது.

இருபது நாள்

மூன்றாவது காரணம் அவர்கள் திட்டம் போட்டுச் செய்ததல்ல. தானாக வந்து சேர்ந்த சோதனை. விற்பனை தொடங்கி மூன்று மாதம் ஆகவில்லை, 1989 டிசம்பரில் இரண்டு புகார்கள் வந்தன. ஒயரிங்கில் ஒரு கோளாறு, பின்புற பிரேக் விளக்கு சூடாவதாக ஒன்று. விற்றிருந்த கார்கள் சுமார் 8,000. பழுதே ஆகாத கார் என்று சொல்லி விற்ற கம்பெனிக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டியதில்லை.

இரண்டே புகார், பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. எட்டாயிரம் கார்களையும் திரும்ப அழைத்தார்கள். அழைத்தார்கள் என்றால், கொண்டுவந்து விடுங்கள் என்று கடிதம் போட்டதல்ல. வாடிக்கையாளர் வீட்டுக்கே ஆள் போய்க் காரை எடுத்துவந்தது. விற்பனையாளர் இல்லாத ஊர்களுக்கு மெக்கானிக்குகளை விமானத்தில் அனுப்பி, அங்கே வாடகைக்கு இடம் பிடித்து வேலை பார்த்தார்கள். சரிசெய்த காரைக் கழுவி, பெட்ரோல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாம் 20 நாளில் முடிந்தது.

இதற்கு ஆன செலவை எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்கள் என்று நாம் யோசித்ததுண்டு. விளம்பரக் கணக்கில் எழுதியிருந்தால் பொருத்தம். நடுரோட்டில் நின்றால் யார் பார்ப்பார்கள் என்ற பயத்துக்கு, கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது. நம் கடையில் பூச்சி விழுந்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவரும் அம்மாளிடம், "எங்கள் கடையில் வாங்கியதுதானா?" என்று கேட்கும் கடைக்காரர் உண்டு, பேசாமல் எடைபோட்டு மாற்றிக் கொடுத்துவிட்டு, அதே மூட்டையிலிருந்து வாங்கிப் போன மற்றவர்களுக்கும் சொல்லி அனுப்பும் கடைக்காரரும் உண்டு. பெயர் தெரியாத சரக்கை விற்க முடிகிறவர் இந்த இரண்டாமவர்தான். ஏனென்றால் அந்தப் பொட்டலத்தின் மேல் இல்லாத பெயருக்குப் பதிலாக அவர் பெயர்தான் நிற்கிறது.

1991-இல் அமெரிக்காவில் லெக்சஸ் கார்கள் 71,000-க்கும் மேல் விற்றன. அந்த ஆண்டு பென்ஸ், பி.எம்.டபிள்யூ. இரண்டையும் தனித்தனியே அது முந்திவிட்டது. அடக்கவிலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று பி.எம்.டபிள்யூ. தரப்பில் குற்றம் சாட்டினார்கள். புதிதாகக் கடை திறந்தவன் விலை குறைத்தால் பழைய கடைக்காரர் சொல்வது எந்த நாட்டிலும் அதுதான் போலிருக்கிறது.

ஆனால் 35,000 டாலர் விலை நிலைக்கவில்லை. யென் ஏறிக்கொண்டே போனது. 1995 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 80 யென் கூடக் கிடைக்காத நிலை. அந்த ஆண்டு வந்த புதிய எல்.எஸ். 400 காரின் விலை 50,000 டாலரைத் தாண்டியிருந்தது. மலிவு என்று சொல்லி உள்ளே வந்தவர் ஆறே ஆண்டில் தாமே பெயர் பெற்ற சரக்காகிவிட்டார். மலிவான இடம் காலியானது.

அந்த இடத்துக்குப் பின்னாளில் வந்தவர், நம் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் சான்ட்ரோ கார் செய்த ஹூண்டாய். அமெரிக்காவில் அதன் நிலைமை டொயோட்டாவைவிடக் கடினம். 1986-இல் எக்ஸல் என்ற காரை 4,995 டாலருக்கு விற்று, முதல் ஆண்டிலேயே 1,68,000-க்கு மேல் தள்ளினார்கள். தரம் நிற்காமல் பெயர் கெட்டது. பெயரில்லாமல் இருப்பதைவிடக் கெட்ட பெயர் மோசம். அதைத் துடைக்க 1998-இல் இன்ஜினுக்கும் கியருக்கும் 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 2008-இல்தான், ஜெனிசிஸ் என்ற பெரிய காரைச் சுமார் 33,000 டாலருக்கு இறக்கினார்கள். அளவில் பென்ஸ் இ-கிளாஸ், விலையில் சி-கிளாஸ். 2009-க்கான வட அமெரிக்காவின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. அந்த ஜனவரியில் நாடே வேலையிழப்பில் தவித்தபோது, வாங்கி ஓராண்டுக்குள் வேலை போனால் காரைத் திருப்பித் தரலாம் என்றும் அறிவித்தார்கள். பயம் எது என்று பார்த்து அதற்கு மருந்து போடும் வித்தை. 2015-இல் ஜெனிசிஸ் தனிப் பெயராகப் பிரிந்தது.

இந்த மருந்தைப் போடாமல் சரக்கின் தரத்தை மட்டும் நம்பியவர் ஃபோக்ஸ்வேகன். வெளியே 50 டிகிரி வெயிலில் நாள் முழுவதும் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலும் உள்ளே 22 டிகிரி குளிர்ச்சி நிற்க வேண்டும் என்று அதன் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் கேட்டுச் செய்வித்த கார் ஃபேட்டன். பென்ட்லி கான்டினென்டல் காரும் இதே அடித்தளத்தில் செய்யப்பட்டதுதான். ஆனால் அமெரிக்காவில் 60,000 டாலருக்கு மேல் விலை வைத்து, சின்னக் கோல்ஃப் கார் விற்கும் அதே ஷோரூமில், அதே சின்னத்தோடு நிறுத்தினார்கள். விலையிலும் பெரிய ஆதாயமில்லை, பெயரிலும் கௌரவமில்லை. 2006-இல் அமெரிக்க விற்பனையை நிறுத்திவிட்டார்கள். பழைய ஃபேட்டன் கார்கள் அங்கே அடிமாட்டு விலைக்கு வந்தன. லாபம் என்று ஓடிப்போய் வாங்கியவர்கள், உதிரிப்பாகத்துக்குப் போனபோதுதான் தெரிந்துகொண்டார்கள்: கார் பழைய விலைக்கு வந்தது, பாகங்களின் விலை அதனோடு இறங்கி வரவில்லை.