களப்பு மீன் யாருக்குச் சொந்தம்?

வாகரைப் பக்கம் போகும்போது பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று களப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீருக்குள் ஓடித் திரிகிற மீன் யாருக்குச் சொந்தம் என்று யோசித்ததுண்டா?

அரசாங்கத்துக்கா? கரையில் காணி வைத்திருப்பவருக்கா? இரண்டு பேருக்கும் இல்லை! நம் நாட்டுச் சொத்துரிமைக்கு அடித்தளமான உரோம டச்சுச் சட்டத்தில், தன்பாட்டில் திரியும் மீனுக்கு உரிமையாளர் என்று எவருமே இல்லை. யார் பிடித்துத் தன் வசமாக்குகிறாரோ, அவருக்கே அது சொந்தம். உறுதி எழுதவும் வேண்டாம், சாட்சிக்கு ஆள் தேடவும் வேண்டாம். சரி, பிடித்த மீன் துள்ளிக் குதித்துக் களப்புக்குள்ளேயே ஓடிவிட்டால்? உரிமையும் அதோடு போச்சு. அடுத்துப் பிடிப்பவர் பாடு யோகம்!

உரோமாபுரியில் பிறந்த இந்த விதி, ஒல்லாந்தரோடு கப்பலேறி இலங்கைக்கு வந்தது. பின்னால் வந்த ஆங்கிலேயரும் அதைக் கைவிடவில்லை.

ஆனால் ஒன்று: மீனுக்குச் சொந்தக்காரர் இல்லை என்பதற்காக நினைத்த வலையை வீச முடியாது. எந்த வலைக்கு அனுமதி, எதற்குத் தடை என்பதைக் கடற்றொழில் சட்டம்தான் சொல்லும்.