முழு நைட்டும் ஒன்றரை ஷிப்ட்டும்: தொழிலாளர் உடலின் எதிர்ப்பாற்றல்

கோவை, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் வேலை நேரத்தைப் பகல், அரை நைட், முழு நைட் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு வேறு. காலை எட்டரை மணிக்கு மெஷினில் உட்கார்ந்து இரவு எட்டரை வரை தைத்தால் அது 'ஒன்றரை ஷிப்ட்'. சரக்கு அனுப்பும் தேதி நெருங்கினால் விடிய விடிய வேலை ஓடும். இப்படி உழைப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல்: "சளி பிடிச்சா விடவே மாட்டேங்குது. உடம்புல தெம்பே இல்ல."

உடனே மருந்துக்கடையில் சத்து டானிக்கோ எதிர்ப்புச் சக்திப் பொடியோ வாங்கிவிடுகிறார்கள். தூக்கம், சாப்பாடு, சுவாசிக்கும் காற்று, காலத்தில் செய்துகொள்ளும் வைத்தியம் ஆகிய இந்த நான்கும் சரியில்லாத உடலுக்கு எந்தப் பொடியும் பெரிதாக உதவாது. நான்கில் கொஞ்சம் தொழிலாளியின் கையில் இருக்கிறது; பெரும்பகுதி நிர்வாகத்தின் கையில்.

தூக்கம் குறைந்தால்

கிருமியை எதிர்க்கும் அணுக்களின் வேலை தூக்கத்தோடு பின்னிக் கிடக்கிறது. 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கவனித்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. தடுப்பூசி போட்டாலும் தூக்கம் கெட்ட உடலில் அதன் பலன் குறையலாம்.

முழு நைட் முடிந்து வருபவர், வீட்டு வேலையையும் கடை வேலையையும் பார்த்துவிட்டுப் பகல் பதினொரு மணிக்குப் படுத்தால் தூக்கம் பிடிக்காது. வந்ததும் லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலில் கெட்டித் துணி தொங்கவிட்டு, செல்போனை அணைத்துவிட்டுப் படுப்பதே நல்லது. ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் முடியாவிட்டால், இரவு ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு குட்டித் தூக்கம் போடலாம். ஷிப்ட்டின் பின்பாதியில் டீயைத் தவிர்த்தால் வீட்டில் தூக்கம் வரும்.

தட்டில் இருக்க வேண்டியது

தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஆலைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்களில் பெரும்பங்கு இந்த வயதுப் பெண்கள்தான். இரும்புச்சத்து குறைந்தால் களைப்பு மட்டும் வருவதில்லை. கிருமிகளோடு மல்லுக்கட்டும் வெள்ளையணுக்களும் பலவீனமாகின்றன.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் சோறும் ரசமும் ஊறுகாயும்தான். உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் அடிப்படையில் புரதம். எனவே ஓர் அவித்த முட்டையோ, ஒரு கரண்டி கொண்டைக்கடலைச் சுண்டலோ, கெட்டிப் பருப்போ தினமும் சேரட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரை, கம்பங்கூழ் அல்லது கேழ்வரகுக் களி சேரட்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் கீரை, தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக ஏற்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்தில் ஒரு பங்கு வீணாகும்; ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இடைவேளையில் வடை, பன்னுக்குப் பதில் கடலை மிட்டாய் மலிவானது, சத்தும் கூட.

கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பஞ்சும் மணலும்

நூல் அறுந்துபோகாமல் இருக்க ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பதம் கூட்டி ஜன்னல்களை மூடி வைப்பார்கள். பஞ்சைச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் பறக்கும் பஞ்சுத் தூசியில் பாக்டீரியாவின் நச்சும் கலந்திருக்கும். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகுவது, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயின் ஆரம்ப அறிகுறி.

கோவையில் பம்புக்கு வார்ப்படம் செய்யும் ஃபவுண்டரிகளில் ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது. வார்ப்பு மணலிலிருந்து எழும் நுண்ணிய சிலிக்கா துகளை நுரையீரலின் காவல் அணுக்கள் விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அவையே செத்துப்போகின்றன. காவல் குலைந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறும். சர்க்கரை நோயும் பீடி, சிகரெட்டும் இந்த ஆபத்தைப் பெருக்கும்.

முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண் தூசியைத் தடுக்காது. என்95 போன்ற முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்தத் தூசி பறந்துபோய்விடுவதில்லை. ஊதுபவரும் பக்கத்தில் நிற்பவரும்தான் அதை மூச்சில் இழுக்கிறார்கள்.

இரண்டு வார இருமல்

லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று, கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது வழக்கம். ஆன்டிபயாடிக்கை இப்படி அரைகுறையாக விழுங்கினால் பின்னால் அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, மாலையில் காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கு நோய்க்காலத்தில் 70 சதவீத ஊதியம் உண்டு. தகுதியுள்ளவர்களுக்குக் காசநோய் போன்ற நீண்டகால நோய்களில் அது 80 சதவீதமாகும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தமும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

• ஷிப்ட் மாற்றும்போது பகல், அரை நைட், முழு நைட் என்ற வரிசையில் முன்னோக்கி மாற்றுங்கள். தலைகீழாக மாற்றினால் உடல் பழகுவது கடினம்.

• ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேரமாவது ஓய்வு என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்ன விதி. அவசர ஆர்டர் நேரத்திலும் அதைக் குறைக்காதீர்கள்.

• தூசியை உறிஞ்சும் கருவிகளைப் பழுதில்லாமல் வைத்திருங்கள். ஃபவுண்டரி தரையை நனைத்த பிறகே பெருக்கச் சொல்லுங்கள்.

• விடுதி அறைகளில் ஆட்களை அடைக்காதீர்கள். ஜன்னல் திறந்து காற்று வரட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் மருத்துவத் தகவல் கிடைக்கட்டும்.

• ஆண்டுக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே பாருங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை போட வேண்டிய டெட்டனஸ் ஊசியையும் விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சலோடு வந்தவரை வீட்டுக்கு அனுப்பி, அன்றைய சம்பளத்தையும் கொடுக்கும் கம்பெனிக்கு நஷ்டம் ஒரு நாள் கூலிதான். அவரை மெஷினில் உட்காரவைத்தால் அந்த வரிசையே ஒரு வாரத்தில் படுத்துவிடக்கூடும்.