புது இஞ்சின் கடனுக்கு முன்னால் பழைய இஞ்சினைப் பார்ப்போம்



நம் கடலோரக் குழுக்களில் வள்ளத்து இஞ்சினுக்குக் கடன் கேட்டு வரும்போது சொல்கிற காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "முன்ன மாதிரி இழுக்கலைங்க. 10 எச்.பி.யைத் தூக்கிட்டு 20 எச்.பி. போட்டா சரியாப் போயிடும்."

கடலுக்குப் போவது வீட்டுக்காரராக இருக்கலாம். ஆனால் கடன் நம் பெயரில். தவணை தவறினால் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பதும் நாம்தான். பாசி எடுக்கத் தீவுக்குப் போகும் சகோதரிகள் அதே வள்ளத்தில் பயணமும் செய்கிறார்கள். ஆகவே "இஞ்சின் விஷயம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

எச்.பி. என்றால் என்ன?

எச்.பி. என்பது இஞ்சினின் வேலைத்திறனை அளக்கும் அளவு. 1 எச்.பி. என்பது 746 வாட்ஸ். 10 எச்.பி. இஞ்சின் முழுத்திறனில் ஓடினால், 100 வாட்ஸ் குண்டு பல்பு 74 எரிக்கும் அளவு சக்தி தரும்.

இந்தச் சக்தி சும்மா வருவதில்லை. டீசல் இஞ்சின் 1 எச்.பி.க்கு மணிக்குச் சுமார் கால் லிட்டர் குடிக்கும். அப்படியானால் 10 எச்.பி. முழு வேகத்தில் மணிக்கு இரண்டரை லிட்டர், 20 எச்.பி. 5 லிட்டர். கடனை அடைத்து முடித்த பிறகும் இந்த டீசல் செலவு தொடரும்.

எச்.பி. இரட்டித்தால் வேகம் இரட்டிக்குமா?

இரட்டிக்காது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வள்ளத்துக்கு அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேக எல்லை உண்டு. தண்ணீரில் படும் நீளம் 25 அடி என்றால், அந்த எல்லை சுமார் 6.7 நாட், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதைத் தாண்ட முயன்றால் வள்ளம் தானே எழுப்பும் அலையின் மேல் ஏறப் பார்க்கும். டீசல் தீருமே தவிர வேகம் கூடாது.

எல்லைக்குள்ளேயும் கணக்கு இதுதான்: எச்.பி.யை இரண்டு மடங்காக்கினால் வேகம் சுமார் கால் பங்குதான் கூடும். எல்லையை நெருங்க நெருங்க அதுவும் கிடைக்காது. இதையே திருப்பிப் பாருங்கள். இஞ்சின் சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஓட்டினால், காத்தாடிக்கு வேண்டிய சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். டீசலும் அந்த அளவுக்கு மிச்சம்.

சக்தி எங்கே ஒழுகுகிறது?

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்கவில்லை என்று யாரும் பெரிய பம்பு வாங்குவதில்லை. முதலில் ஓட்டையைத்தான் அடைப்போம். இஞ்சினிலும் அப்படித்தான்.

1. அடிப்பாகம்: பாசியும் சிப்பியும் ஒட்டினால் வள்ளம் தண்ணீரில் வழுக்கிப் போகாது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சிறு மீன்பிடிப் படகுகளுக்காக 1999-இல் வெளியிட்ட கையேடு, பாசி பிடிக்காத பெயிண்ட் அடிக்காவிட்டால் எரிபொருள் செலவு ஒரு மாதத்தில் 7 சதவீதம் வரையும், ஆறு மாதத்தில் 44 சதவீதம் வரையும் கூடலாம் என்கிறது. கரையேற்றும்போதெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். பைபர் வள்ளத்தைக் கூர்மையான இரும்பால் சுரண்டக் கூடாது, மேல்பூச்சு போய்விடும்.

2. காத்தாடி (புரொப்பெல்லர்): இலை வளைந்தாலோ, ஓரம் உடைந்தாலோ, சிப்பி ஒட்டினாலோ இழுவை குறையும். சரியான அளவா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வழக்கமான சுமையோடு முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, இஞ்சின் சுற்றை மெக்கானிக்கை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இஞ்சின் தகட்டில் எழுதியிருக்கும் சுற்றை எட்டவில்லை, இஞ்சினிலும் வேறு கோளாறு இல்லை என்றால், காத்தாடி பெரிது. சுமையோடு ஓடும்போதே சுற்று தகட்டைத் தாண்டினால் சிறிது. காத்தாடி மாற்றும் செலவு இஞ்சின் மாற்றும் செலவை விட மிகவும் குறைவு.

3. ஷாஃப்ட்: இஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றினால் ஷாஃப்ட் இலகுவாகச் சுற்ற வேண்டும். மர வள்ளம் கரையில் ஒரு வடிவம், தண்ணீரில் ஒரு வடிவம். ஆகவே நேர் பார்ப்பதை வள்ளம் மிதக்கும்போது செய்ய வேண்டும்.

4. காற்று: 1 லிட்டர் டீசல் முழுசாக எரிய ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். மழைக்குப் பயந்து இஞ்சின் பெட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டினால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். பெட்டியில் காற்று வழி விடுங்கள். ஏர் பில்டரைச் சுத்தம் செய்யுங்கள். புகைக்குழாய்க்குள் கரி அடைத்திருந்தாலும் சக்தி குறையும்.

5. டீசல்: கேனில் சேரும் தண்ணீரும் தூசியும் நாசிலைக் கெடுக்கும். துணி வைத்து வடிகட்டினால் மட்டும் போதாது. பில்டரை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். நாசில், வால்வு இடைவெளி இரண்டையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும்.

6. வேண்டாத சுமை: அடியில் தேங்கிய தண்ணீர், பழைய வலை, உடைந்த சாமான் எல்லாவற்றையும் இஞ்சின்தான் சுமக்கிறது. தேவையில்லாததைக் கரையில் இறக்குங்கள்.

புகையைப் பாருங்கள்

சமையல் அடுப்புப் புகையைப் பார்த்தே விறகு ஈரமா காய்ந்ததா என்று சொல்பவர்கள் நாம். இதையும் சொல்லிவிடலாம்.

கறுப்புப் புகை: காற்று போதவில்லை, நாசில் கெட்டது, அல்லது காத்தாடி பெரிதாகி இஞ்சின் திணறுகிறது.
நீலப் புகை: இஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம்.
வெள்ளைப் புகை: டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. இஞ்சின் சூடான பிறகும் நிற்காவிட்டால் உடனே காட்டுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைத்தால் "பவர்" ஏறும் என்று சிலர் சொல்வார்கள். சில நாள் ஏறும். ஆனால் கூடுதல் டீசலுக்கேற்ற காற்று உள்ளே வராது. கறுப்புப் புகை கக்கி, சூடேறி, பிஸ்டனும் ஹெட்டும் பழுதாகும். கரையில் நின்றால் செலவோடு போகும். நடுக்கடலில் நின்றால்? பாக் நீரிணையில் இஞ்சின் நின்ற வள்ளம் காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று நம் ஊர்களில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கணக்கு நம் கையில்

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஓடிய மணி நேரம், ஊற்றிய டீசல், இந்த மூன்றும் போதும். மணிக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பாருங்கள். ஒரே மாதிரி ஓட்டத்துக்கு அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 20 லிட்டரில் முடிய வேண்டிய தொழிலுக்கு 25 லிட்டர் ஆகிறது. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளில் 450 ரூபாய் நஷ்டம். மாதம் 20 நாள் தொழில் என்றால் 9,000 ரூபாய்! 1 லட்சம் கடனுக்கு நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,000 ரூபாய்தான். வட்டியை விடப் பெரிய தொகை கடலில் கரைகிறது.

இஞ்சின் கடன் விண்ணப்பம் வந்தால் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் கேளுங்கள்:

- அடிப்பாகம் கடைசியாக எப்போது சுத்தம் செய்தது?
- காத்தாடி, ஷாஃப்ட், நாசில், கம்ப்ரஷன் சோதித்தாயிற்றா? மெக்கானிக் என்ன சொன்னார்?
- டீசல் நோட்டு என்ன சொல்கிறது?
- புது இஞ்சினுக்கு ஏற்ப ஷாஃப்ட், காத்தாடி, இஞ்சின் கட்டை மாற்றும் செலவும் கடன் தொகையில் சேர்ந்திருக்கிறதா?

கடன் கேட்ட சகோதரியைச் சந்தேகப்படுவதற்காக இதைக் கேட்கவில்லை. அவர் தலையில் வேண்டாத கடன் ஏறக் கூடாது என்பதற்காகக் கேட்கிறோம். சோதித்துப் பார்த்த பிறகும் கம்ப்ரஷன் போய்விட்டது, உதிரி பாகம் கிடைக்கவில்லை என்றால் புது இஞ்சின் நியாயமான தேவைதான். அப்போது தயங்காமல் தீர்மானம் போடுங்கள். மானியம் உண்டா என்று மீன்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். வள்ளத்தின் பதிவுச் சான்றில் புது இஞ்சினைப் பதிய மறக்காதீர்கள்.

பெரிய கடன் வேண்டாம், சுத்தம் செய்யவும் நாசில் பார்க்கவும் சிறுதொகை போதும் என்றால், அதைக் குழுவின் உள்கடனிலேயே கொடுத்துவிடலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள். அன்றைக்கே டீசல் நோட்டையும் தொடங்கிவிடுங்கள்!