பிரிண்டிங் கடையில டிசைன் சாஃப்ட்வேர் இலவசமா கத்துக் கொடுக்கலாமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

டிஜிட்டல் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "சார், கஸ்டமருக்கு கேன்வா, கோரல்டிரா எல்லாம் ஃப்ரீயா சொல்லிக் கொடுத்தா நம்ம வேலை குறையுமா, இல்ல கஸ்டமரே போயிடுவாரா?"

முதல்ல உங்க பில் புக்கை எடுங்க. டிசைன் சார்ஜ் தனியா போடுறீங்களா? நிறைய கடையில "டிசைன் இலவசம்"னு போர்டே மாட்டியிருப்பாங்க. அப்படின்னா கஸ்டமர் தானே டிசைன் பண்ணக் கத்துக்கிட்டா உங்க வருமானம் ஒரு ரூபாய்கூட குறையாது, செலவுதான் குறையும். தனியா 300 ரூபாய் வாங்குற கடைக்கு மட்டும்தான் அந்தப் பயம் நியாயமானது.

இப்போ செலவு. ஒரு உதாரணத்துக்கு, டிசைனர் சம்பளம் 18,000. வாடகை, கரன்ட், சிஸ்டம், லைசென்ஸ் எல்லாத்திலும் அந்த சீட்டோட பங்கு 12,000. மொத்தம் 30,000. மாசம் 26 நாள், உண்மையா வேலை நடப்பது ஒரு நாளைக்கு 5 மணி நேரம் (8 மணி நேரம்னு சொல்லாதீங்க, டீ எங்கே போச்சு?). 130 மணி நேரம். மணிக்கு சுமார் 231 ரூபாய். பேப்பர், மை போக 250 ரூபாய் நிற்கும் விசிட்டிங் கார்டு ஆர்டருக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தா என்ன மிஞ்சும்னு நீங்களே பாருங்க.

ஆனா, மாசாமாசம் நோட்டீஸ் அடிக்கிற டியூஷன் சென்டர்காரர் வேற கதை. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புவார், சுருங்கி மங்கலா வரும். தமிழ் ஃபான்ட் உங்க சிஸ்டத்துல இல்லாம எழுத்தெல்லாம் உடைஞ்சு நிற்கும். அதைச் சரிபண்ண 40 நிமிஷம், அதாவது 154 ரூபாய். வருஷத்துக்கு 1,848. அவருக்கு ஒரே ஒரு தடவை 20 நிமிஷம் சொல்லிக் கொடுத்தா செலவு 77 ரூபாய்தான்.

அந்த 20 நிமிஷத்துல சாஃப்ட்வேர் முழுசையும் கத்துக் கொடுக்கத் தேவையில்லை, ஃபைலை மட்டும் சொல்லிக் கொடுங்க. நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட் விடணும். படம் 300 டிபிஐ இருக்கணும். எழுத்தைக் கர்வ்ஸா மாத்தணும். வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்பணும். இலவச கேன்வா ஃபைல் ஆர்ஜிபி-லதான் வரும், அதனால மொபைல்ல பளிச்சுன்னு தெரியுற நீலம் பேப்பர்ல மங்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க. பிரிண்ட் எடுத்த பிறகு வரும் சண்டையில பாதி இந்த நீலத்தாலதான். லோகோ வரையறது, போட்டோ கட் பண்றது எல்லாம் யூடியூப்ல கிடைக்குது, அதுக்கு உங்க டிசைனர் எதுக்கு?

ஜிஎஸ்டி? வெளி கஸ்டமருக்குக் காசு வாங்காம சொல்லிக் கொடுத்தா வரி இல்லை. ஆனா ஃபீஸ் வாங்கி கிளாஸ் நடத்தினா, ஜிஎஸ்டி பதிவு உள்ள கடைக்கு 18% வரும்.

இன்னொண்ணு, கிராக் பண்ண சாஃப்ட்வேர்ல கஸ்டமருக்குப் பாடம் நடத்தாதீங்க. தெரிஞ்சே பயன்படுத்தினா பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுப்படி சிறைத் தண்டனையோடு குறைந்தது 50,000 ரூபாய் அபராதமும் உண்டு.

யாருக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு குழப்பமா இருக்கா? ஒரு மாசத்துக்கு, யார் ஃபைலைச் சரிபண்ண எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு டிசைனரை ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க. மூணு தடவைக்கு மேல வர்ற பேரை மட்டும் கூப்பிட்டு உட்கார வைங்க.