எழுபது காசும் ஐந்து ரூபாயும்

நூறு ரூபாய் வருவாய் உள்ள ஒருவன், பசித்திருக்கும் அண்டை வீட்டானுக்கு எழுபது காசு தருவதாக ஊர் அறிய வாக்களிக்கிறான். ஐந்தாண்டுக் கெடு வைக்கிறான். ஐம்பது ஆண்டு ஆகியும் தரவில்லை. கேட்டால் கையை விரிக்கிறான். அதே கை, துப்பாக்கி வாங்க ஐந்து ரூபாயை எடுத்து வைக்கிறது! அவனை ஊரார் என்னவென்று சொல்வார்கள்?

செல்வ நாடுகளின் போக்கு இப்படித்தான் இருக்கிறது.

1970 அக்டோபர் 24 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. செல்வ நாடுகள் தத்தம் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு அளிக்க வேண்டும். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் அதனை எட்ட முயல வேண்டும் என்றது தீர்மானம். அமெரிக்கா அந்த இலக்கை அப்போதே ஏற்கவில்லை. ஏற்றவர்களிலும் பலர் மறந்தனர். 2005-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பழைய உறுப்பு நாடுகள், 2015-க்குள் தருவோம் என்று மறுபடியும் வாக்களித்தன. அந்தக் கெடுவும் கடந்து போயிற்று.

2024-ல் இலக்கை எட்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நான்கே நாடுகள். வளர்ந்த நாடுகள் எல்லாம் சேர்ந்து அளித்த உதவி சுமார் 21,200 கோடி டாலர். நூறு ரூபாய்க்கு முப்பத்து மூன்று காசு! அதே ஆண்டில் உலகம் படைகளுக்குக் கொட்டிய தொகையோ 2,70,000 கோடி டாலருக்கு மேல்.

பிரிட்டனைப் பாருங்கள். 2013-ல் இலக்கை எட்டிற்று. 2015-ல் அதைச் சட்டமாகவே ஆக்கிற்று. 2021-ல் 0.5 ஆகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில், 2027-க்குள் 0.3 ஆக்கி, மிச்சத்தைப் படைக்குத் தருவோம் என்றார் பிரதமர் ஸ்டார்மர். ஏழையின் பெயரால் வளர்ந்த தொழிற்கட்சியின் பிரதமர்! அதே ஆண்டு ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035-க்குள் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் 5 விழுக்காடு ஒதுக்க ஒப்புக்கொண்டன.

உக்ரைன் மீது 2022-ல் ருஷ்யா படையெடுத்த பிறகு ஐரோப்பா அஞ்சுவதில் வியப்பில்லை. எல்லையைக் காக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காவலுக்கு ஆகும் செலவைப் பசித்தவன் தட்டிலிருந்தா எடுப்பது என்றுதான் கேட்கிறோம்.

அரசுகள் கூடிச் செய்தால் ஆகாத காரியம் உண்டா? பெரியம்மையை எண்ணிப் பாருங்கள். நம் ஊர்களில் வாசலில் வேப்பிலை செருகி, உயிர் தப்புமா என்று காத்திருந்த நோய் அது. அதனை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று 1958-ல் முன்மொழிந்தது சோவியத் நாடு. கோடிக்கணக்கில் தடுப்பு மருந்தும் தந்தது. 1967-ல் தீவிரமாக்கப்பட்ட இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவரோ ஹெண்டர்சன் என்னும் அமெரிக்க மருத்துவர். வியட்நாமில் எதிரெதிர் அணிகளுக்குத் துணை நின்ற இரு வல்லரசுகள், நோயின் முன் ஓரணியில் நின்றன! 1975-ல் இந்திய மண்ணிலிருந்து பெரியம்மை அகன்றது. 1980-ல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1967 முதல் ஆன செலவு சுமார் 30 கோடி டாலர்தான்.

பணமும் இருக்கிறது, வழியும் தெரிந்திருக்கிறது. மனந்தான் இல்லை!

பசியும் பிணியும் எல்லைக் காவலரிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. பட்டினி கிடக்கும் நாட்டில் மூளும் கலகம், அண்டை நாட்டின் உறக்கத்தையும் கெடுக்கும். ஆகவே அந்த எழுபது காசைப் பிச்சையாகக் கருத வேண்டாம்; அதுவும் காவற்செலவே. ஐந்து ரூபாய்க்குக் கையெழுத்திட்டவர்கள், ஐம்பது ஆண்டுப் பழைய கடனை முதலில் தீர்க்கட்டும் என்று கூறுகிறோம்.