துவிச்சக்கரவண்டிக்கு ஏற்ற பூட்டு எது?

ஒரு பொருளின் அருமை அதன் விலையில் மட்டும் அடங்குவதன்று. அதை இழந்தால் குடும்பத்தில் என்னென்ன தடைப்படும் என்பதைக் கொண்டே அதனை அளந்தறிதல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் துவிச்சக்கரவண்டி அத்தகைய பொருள். மலைச்சரிவிலுள்ள லயம் வரை அதனை மிதித்தேறுவது கடினமாயினும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை போன்ற ஊர்களை நோக்கிச் செல்லும் பாதைகளில் அது பலருக்கு உற்ற துணை. பிள்ளைகளின் படிப்பும் பெரியோரின் நாட்சம்பளமும் பல வீடுகளில் அந்த இரண்டு சில்லுகளை நம்பியே உள்ளன.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு இவ்வுண்மையை நாடு முழுவதற்கும் உணர்த்திற்று. அவ்வாண்டு ஜூன் 28 முதல் ஏறத்தாழ இரு வாரங்களுக்கு, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் இல்லை என்றாயிற்று. மோட்டார் வண்டி வைத்திருந்தோரும் சைக்கிளைத் தேடினர். அதன் விலையும் மளமளவென்று ஏறிற்று. 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வருவாயில் ஒரு வண்டியை இழப்பவர் மறுவண்டி வாங்குவது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1948இல் வெளிவந்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்னும் இத்தாலியப் படத்தின் கதையும் இதுவே. வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து வண்டியை மீட்ட ஏழை ஒருவன், வேலைக்குச் சென்ற முதல் நாளே அதனைக் கள்வனிடம் பறிகொடுக்கிறான்.

இனிப் பூட்டுக்கு வருவோம். உடைக்கவியலாத பூட்டு என்று உலகில் ஒன்றில்லை. நல்ல பூட்டு செய்வதெல்லாம், கள்வனுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும்படியும் ஓசை எழும்படியும் செய்வதேயாம். பூட்டுகளுக்குத் தரம் வழங்குவதற்காக 1992இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘சோல்ட் செக்கியூர்’ நிறுவனமும், கருவிகளால் தாக்கும்போது ஒரு பூட்டு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதைச் சோதித்தே தரம் பிரிக்கிறது.

பழைய வண்டிகளின் பின்சில்லில், கம்பிகளுக்கிடையே குறுக்காக ஓடும் வளையப் பூட்டை நாம் அனைவரும் அறிவோம். அது வண்டியை ஓட்டிச் செல்லாமல் தடுக்குமேயன்றித் தூக்கிச் செல்லாமல் தடுக்காது. கடை வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்த அது போதும். அதற்குமேல் அதை நம்புதல் தகாது. பிளாஸ்ரிக் உறையிட்ட கம்பிவடப் பூட்டு பார்வைக்குத் தடித்திருக்கும். உள்ளே இருப்பதோ மெல்லிய இழைகளின் முறுக்கு; கைக்கடக்கமான வெட்டுங்கருவி அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். மூன்று எண் வளையமுள்ள பூட்டில் 1000 எண்களே உண்டு. ஒன்றுக்கு இரண்டு விநாடி வீதம் முயன்றாலும் அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஆகவே, பதப்படுத்திய உருக்குச் சங்கிலியும் ஆமைப்பூட்டும், அல்லது ‘யூ’ வடிவ உருக்குப் பூட்டும் வாங்குதலே நன்று. சங்கிலி தடித்திருந்து பூட்டின் வளைவு மெலிந்திருந்தால் பயனில்லை. கள்வன் மெலிந்த இடத்தைத்தான் தேடுவான். கடைக்காரரின் இசைவுடன் வளைவின் ஓரத்தில் அரத்தை இலேசாக உரசிப் பார்க்கலாம். அரம் எளிதில் பற்றி அராவினால் அது மென்மையான இரும்பு. வழுக்கினால் பதமேறிய உருக்கு. திறப்பையும் கவனித்தல் வேண்டும். 2004இல் அமெரிக்காவின் ‘கிரிப்டோனைட்’ நிறுவனத்தின் பேர்பெற்ற பூட்டுகள் சில, சாதாரண போல்பொயின்ற் பேனாவின் குழாயால் திறக்கப்பட்டன. உருக்கு வலிமையாகவே இருந்தது. குழாய் வடிவத் திறப்பு நுழையும் துளைதான் காட்டிக்கொடுத்தது. நிறுவனம் அவற்றை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. எனவே குழாய்த் திறப்பை விடுத்துத் தட்டைத் திறப்பை நாடுக.

வாங்குவதைப் போலவே பூட்டும் முறையும் முக்கியம். தோட்டத்து இளைஞர் பலர் பிரதான வீதி வரை வண்டியில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறுகின்றனர். மாலைவரை தனித்து நிற்கும் வண்டிக்கே காவல் மிகுதியாக வேண்டும். அசையாத, மேல்வழியாகத் தூக்கியெடுக்க இயலாத இரும்புக் கம்பத்தைத் தேர்க. வேலிக் கட்டையும் இளமரமும் ஆகா. சங்கிலி, சட்டகத்தையும் பின்சில்லையும் கம்பத்தையும் ஒருங்கே பிணைக்க வேண்டும். அது நிலத்திற் கிடக்கலாகாது. கிடந்தால் வெட்டுங்கருவியின் ஒரு பிடியை நிலத்தில் ஊன்றி மறுபிடியை உடற்பாரத்தால் அழுத்திக் கள்வன் எளிதில் வெட்டிவிடுவான். இரவில் இஸ்தோப்பில் நிறுத்தும் வண்டியையும் தூணோடு பிணைத்தல் நலம்.

இம்மாவட்டங்களின் மழையும் பூட்டுக்குப் பகையே. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. துருவேறிய பூட்டில் திறப்பு முறிந்தால், வண்டியை மீட்க உடையவரே பூட்டை உடைக்க நேரும். பித்தளை உடலுள்ள ஆமைப்பூட்டு துருவை நன்கு தாங்கும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுக. மாதமொருமுறை தையல் இயந்திர எண்ணெய் சில துளி இடுக.

இறுதியாக, செலவில்லாத காவல் ஒன்றுண்டு. வண்டியின் மிதிகட்டைகள் பொருந்தும் அச்சுக் குழாயின் அடியிலோ, இருக்கைத் தண்டின் அருகிலோ சட்டக எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை ஒரு தாளில் எழுதி, வாங்கிய பற்றுச்சீட்டுடன் பத்திரப்படுத்துங்கள். வண்டி தொலைந்து பின் எங்கேனும் அகப்பட்டால், அது உங்களுடையதே என்று பொலிஸ் நிலையத்தில் நிறுவ அந்த எண்ணே சாட்சியாகும். மற்றொரு பூட்டுத் திறப்பையும் அத்தாளோடு வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? வண்டியைக் கவிழ்த்து வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளச் சில நிமிடம் போதும்.