நிர்வாகத்தின் வக்கீலுக்குத் தொழிலாளியின் சம்மதம்

கொலை வழக்கில் சிக்கியவர்கூடத் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம். அதற்கு அரசுத் தரப்பின் சம்மதம் தேவையில்லை. ஆனால் ஒரு பெரிய ஆலை நிர்வாகம், தான் வேலைநீக்கம் செய்த தொழிலாளி தொடுத்த வழக்கில் வக்கீலை நிறுத்த வேண்டுமானால், அந்தத் தொழிலாளியே சம்மதிக்க வேண்டும்! 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், 36ஆம் பிரிவில், இப்படித்தான் விதித்தது.

சமரச அதிகாரியின் முன் வக்கீலுக்கு இடமே இல்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் சம்மதம், நீதிமன்றத்தின் அனுமதி இரண்டும் வேண்டும். விதி இரு தரப்புக்கும் ஒன்றுதான் என்றாலும் அதன் எடை ஒன்றல்ல. வழக்கு வாய்தா வாய்தாவாக இழுபட்டால் நிர்வாகத்தின் உற்பத்தி நிற்பதில்லை. சம்பளம் இழந்தவர் வீட்டில் அடுப்பெரிவதே சிரமமாகிவிடும். வாதத்திறனைக் காசு கொடுத்து வாங்கும் வசதியும் ஒரு பக்கமே அதிகம். அந்தச் சாய்வைச் சட்டம் கவனித்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

வக்கீல் இல்லையென்றால் யார் பேசுவது? தொழிலாளிக்குத் தொழிற்சங்க நிர்வாகி பேசலாம். பல்லாண்டு லேபர் கோர்ட் படியேறிய சங்கத் தலைவர்கள் பலர், வக்கீலுக்கு நிகராகச் சட்டம் பேசுவார்கள். நிர்வாகத்துக்கு முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகி பேசலாம். அந்த நிர்வாகியே வக்கீலாக இருந்தால்?

ஒடிசாவின் பாரதீப் துறைமுக வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. உண்மையிலேயே சங்கத்தின் நிர்வாகியாகவோ நிறுவனத்தின் அதிகாரியாகவோ இருப்பவர் வக்கீலாகவும் இருப்பது தடையல்ல; ஆனால் வெறும் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஒரு வக்கீலை அதிகாரியாக்கிவிட முடியாது. சட்டம் படித்த அதிகாரிகளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் பெரிய நிறுவனங்களுக்கு இது நல்ல வழி. சிறு பட்டறை முதலாளிக்கு அந்த வசதி ஏது?

வாதத்திறன் ஒரு பக்கமே சாய்ந்துவிடும் என்ற கவலை ஆலைக்குள் நடக்கும் உள்விசாரணையிலும் எழுந்தது. பம்பாய்த் துறைமுக வழக்கில், சட்டம் கற்றவரை நிறுத்தி நிர்வாகம் குற்றச்சாட்டை நடத்தினால், ஊழியருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று 1980களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தொழிலாளர் நீதிமன்றத்தில் தர வேண்டிய சம்மதத்தை எழுதித்தான் தர வேண்டும் என்பதில்லை. நிர்வாகத்தின் வக்கீல் வக்காலத்து தாக்கல் செய்யும்போது தொழிலாளி ஆட்சேபம் சொல்லாமல் வழக்கை நடத்திக்கொண்டே போனால், அதையே சம்மதமாக உயர் நீதிமன்றங்கள் கொண்டிருக்கின்றன. ஆகவே தொழிலாளி வாய் திறக்க வேண்டிய நாள், பெரும்பாலும் அந்த வக்கீல் முதன்முதலில் வந்து நிற்கும் நாள்தான்.